எண்ணிக்கையில் வராதவர்கள்

போன மாதம் எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ரெண்டு பக்க பிடிஎஃப் ஒன்று வந்தது. மேடவாக்கம் மெயின் ரோட்டில் எங்கள் பகுதிக்கு ஒரு போக்குவரத்து ஆய்வு நடத்துவதற்கான திட்டக் குறிப்பு. யார் தயாரித்தது என்பது இங்கே தேவையில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் எந்தப் புறநகர் கடைவீதிக்கும் இதே குறிப்பை ஊர்ப்பேரை மட்டும் மாற்றி அனுப்பலாம். குழுவில் நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருத்தர் "அப்பாடா, இப்பவாவது!" என்று எழுதினார்.

நான் உட்கார்ந்து முழுசா படித்தேன். நான் சிவில் ஆள் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருளில். ஆனால் தேவை ஆவணம் தப்பா எழுதப்பட்டால் அதன்மேல் கட்டும் எல்லாமே எப்படித் தப்பாகும் என்பது எனக்கு இருபது வருஷ அனுபவம்.

குறிப்பின் சாரம் இவ்வளவுதான். ஒரு வேலை நாளில், ரெண்டு இடத்தில், 16 மணி நேரம் வாகனங்களை வகை பிரித்து எண்ணுவது. அதைப் பிசியுவாக மாற்றுவது. சாலையின் கொள்ளளவோடு ஒப்பிடுவது. வருஷத்துக்கு 5 சதவீதம் என்று பத்து வருஷம் வளர்த்துப் பார்ப்பது. பிறகு பரிந்துரை.

பிசியு என்பது எல்லா வண்டியையும் கார் கணக்குக்குக் கொண்டுவரும் வழி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990ல் வெளியிட்ட ஐஆர்சி 106 என்ற வழிகாட்டியில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கார் 1. இரு சக்கர வண்டி 0.5, மொத்தத்தில் அதன் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் 0.75. ஆட்டோ 1.2லிருந்து 2 வரை. பஸ்ஸும் லாரியும் 2.2லிருந்து 3.7 வரை.

இந்தப் பட்டியலைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. வண்டிகளின் கலவை மாறினால் எடையும் மாறும் என்பது 1990லேயே அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2017ல் வந்த இந்தோ-எச்சிஎம் கையேடு இதை இன்னும் நுணுக்கமாக்கியது. கோளாறு பட்டியலில் இல்லை, கணக்கைப் பாதியில் நிறுத்துவதில் இருக்கிறது. ஒரு பஸ்ஸில் 60 பேர் போகிறார்கள் என்று வையுங்கள். பட்டியலின் உயர்ந்த மதிப்பை எடுத்தாலும் 3.7 பிசியு. அதே 60 பேர் வண்டிக்கு 1.2 பேர் வீதம் பைக்கில் போனால் 50 பைக், அதாவது 37.5 பிசியு. பத்து மடங்கு இடம். ஆனால் அறிக்கையின் அட்டவணையில் பஸ்தான் பெரிய எண்ணோடு, சாலையை அடைக்கிற பூதம் மாதிரி நிற்கும். பக்கத்தில் 'எத்தனை பேர்' என்று ஒரே ஒரு பத்தி சேர்த்தால் படம் தலைகீழாகிவிடும். குறிப்பில் அந்தப் பத்தி இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் கொள்ளளவு. அதே ஐஆர்சி 106 சாலைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. இருபுறமும் கடை வாசல் திறக்காத, வண்டி நிறுத்தாத, குறுக்குப் போக்குவரத்து மிகக் குறைந்த சாலை ஒரு வகை. வாசல் உண்டு, ஆனால் வண்டி நிற்காது என்பது ரெண்டாவது. வாசல், நிறுத்தம், பலத்த குறுக்குப் போக்குவரத்து எல்லாம் இருப்பது மூன்றாவது. இருவழி, ரெண்டு லேன் சாலை என்றால் இவற்றுக்கு மணிக்கு முறையே 1500, 1200, 900 பிசியு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அப்படி ஒரு சாலையில் மணிக்கு 1200 பிசியு வருகிறது. வரைபடத்தில் முக்கியச் சாலை என்று இருப்பதால் முதல் வகை என்று எழுதினால் விகிதம் 0.8. 'சமாளிக்கலாம்.' டீக்கடை, பேக்கரி, வாசலில் நாலு வரிசை பைக் என்று கண்ணால் பார்ப்பதை எழுதினால் மூன்றாம் வகை, விகிதம் 1.33. 'மூழ்கிவிட்டது.' ஒரு வண்டிகூடக் கூடவில்லை, குறையவில்லை. மாறியது பெயர் மட்டும். 16 மணி நேரம் வெயிலில் ஆளை நிறுத்தி எண்ணுவதைவிட, ஏசி அறையில் உட்கார்ந்து எழுதும் அந்த ஒரு வார்த்தைக்கு எடை அதிகம். எங்கள் குறிப்பு இந்தச் சாலையை எந்த வகையில் வைக்கப் போகிறது, ஏன் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

கடைவீதியில் 900க்கும் 1500க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமே வாசலும் நிறுத்தமும்தான். அப்படியானால் ஆய்வு அங்கேதானே போகவேண்டும்? எந்தக் கடை முன்னால் எந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கால் மணிக்கு ஒரு தடவை நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்டு நடந்தாலே போதும். குறிப்பில் பார்க்கிங் என்ற சொல்லே இல்லை.

எந்த நாளில் எண்ணுவது? 'வழக்கமான வேலை நாள்' என்கிறது குறிப்பு. ஆபீஸ் போகிற சாலைக்கு சரி. நம்ம ஊர்க் கடைவீதிக்கு உச்சம் சனிக்கிழமை சாயங்காலம். அதைவிட உச்சம் முகூர்த்த நாள் சாயங்காலம், மண்டப வாசலில் ரிசப்ஷன் கூட்டம். போதாததற்கு, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோவின் ஐந்தாம் வழித்தட வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலை இது. தடுப்புக்கு நடுவே ஊர்ந்து போகிற வண்டியை எண்ணி, அதையே அடிப்படையாக வைத்துப் பத்து வருஷம் பெருக்கினால் (5 சதவீதம் என்றால் 1.63 மடங்கு) வருவது எந்தச் சாலையின் எதிர்காலம்? மெட்ரோ ஓடிய பிறகு எத்தனை பேர் நடந்து நிலையத்துக்கு வருவார்கள் என்பதல்லவா நிஜக் கேள்வி?

நடப்பவர்களிடம் வந்துவிட்டேன். இதுதான் எனக்கு உறுத்துவது.

நடைபாதை வசதிகளுக்கான ஐஆர்சி 103ன் 1988 பதிப்பில் ஒரு சூத்திரம் உண்டு. உச்ச நேரத்தில் கடக்கிற பாதசாரிகள் பி, வாகனங்கள் வி. பி பெருக்கல் வி வர்க்கம், நடுவில் மீடியன் இல்லாத சாலையில் பத்து கோடியைத் தாண்டினால் கட்டுப்பாட்டுள்ள கடக்குமிடம் வேண்டும். மீடியன் இருந்தால் இருபது கோடி. முதலில் இதைப் படித்தபோது கோபமாக வந்தது, நம்மை மட்டும் வர்க்கப்படுத்தாமல் விட்டார்களே என்று. கணக்குப் போட்டுப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். மணிக்கு 2000 வண்டி ஓடும் மீடியன் உள்ள சாலையில் வெறும் 50 பேர் கடந்தாலே போதும். சூத்திரம் தாராளமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் கடக்குமிடம் வரவில்லை? பி-யை எண்ணும் ஆள் இல்லை. எங்கள் குறிப்பிலும் இல்லை.

சரி, எண்ணினால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியிலிருந்து போனில் வீடியோ எடுத்து, பொருட்களை அடையாளம் காணும் இலவச நிரல் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஆட்டோவைச் சில சமயம் கார் என்றது, சில சமயம் லாரி என்றது. அதையெல்லாம் பழக்கிச் சரிசெய்யலாம். ஆனால் என் அம்மாவை அது எண்ணவே இல்லை. எண்ணவும் முடியாது. எங்களுக்கு நேர் எதிரே மருந்துக் கடை. அம்மா அங்கே நடந்து போவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. "போறதே இல்லடா, பயமா இருக்கு" என்றாள். ரொம்ப அவசரம் என்றால் ஆட்டோ பிடித்து, யூ டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி எதிர்ப்பக்கம் இறங்குகிறாள்.

ஆய்வின் கண்ணில் இது எப்படித் தெரியும்? ஒரு பாதசாரி குறைவு. ஒரு ஆட்டோ அதிகம், அதாவது ரெண்டு பிசியு வரை. சாலை மோசமாக மோசமாக பி சுருங்கும், வண்டி பெருகும். 'இங்கே யாரும் கடப்பதில்லை, லேனைக் கூட்டலாம்' என்று அறிக்கை சொல்லும். புள்ளிவிவரத்தில் ஒரு பொய்யும் இருக்காது.

அதனால் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது பெரிய பட்டியல் இல்லை. ஆட்களை எண்ணுங்கள். நிறுத்தத்தை எண்ணுங்கள். ஒரு சனிக்கிழமையையும் ஒரு முகூர்த்த நாளையும் சேருங்கள். சாலையின் வகையை முதல் பக்கத்தில் காரணத்தோடு எழுதுங்கள். சுற்றியுள்ள வீடுகளில் கதவைத் தட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: "எதிர்ப்பக்கம் போகவேண்டியிருந்தும் போகாமல் விட்டது எத்தனை தடவை?" கடைசியாக, எந்த எண் வந்தால் அகலப்படுத்த வேண்டாம் என்று ஒத்துக்கொள்வீர்கள் என்பதை எண்ணுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். எந்த விடை வந்தாலும் அதே முடிவுதான் என்றால் அது சோதனை இல்லை, சடங்கு.

சங்கத் தலைவர் சார் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இதுக்கெல்லாம் செலவாகுமே தம்பி" என்றார். கதவைத் தட்ட நான் வருகிறேன், சனி ஞாயிறு எனக்கு லீவுதான் என்றேன். இன்னும் ரெண்டு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். முதல் கதவு எங்கள் வீட்டுக் கதவுதான். அங்கே விடை ஏற்கெனவே தெரியும்.