ஹெல்சிங்கிப் பிரகடனமும் குறிகட்டுவான் துறையும்

மருத்துவ ஆராய்ச்சியின் ஒழுக்கநெறியை வகுக்கும் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை உலக மருத்துவர் சங்கம் 1964இல் நிறைவேற்றியது. 2024 ஒக்டோபரில் அது திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு உட்படும் மனிதரைக் குறித்த பழைய சொல் நீங்கி, 'பங்குபற்றுவோர்' என்ற சொல் இடம்பெற்றது. வெறும் சொல்மாற்றம் என்று இதனை ஒதுக்குவதற்கில்லை. ஆயினும் பங்குபற்ற அழைக்கப்படுவோர் யார்? ஒரு பனுவலில் யார் பேசவிடப்படவில்லை என்று பார்ப்பதுதானே விமர்சகன் தொழில்.

பழைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. நியூயோர்க்கின் வில்லோபுரூக் இல்லத்தில், 1956 முதற் பல ஆண்டுகள், அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்கு வேண்டுமென்றே ஈரலழற்சிக் கிருமி ஏற்றப்பட்டது. கேட்க நாதியற்றவரின் உடல் அங்கே மலிவாயிற்று. அத்தகைய கொடுமைகளுக்குக் கண்ட பரிகாரமோ, பல இடங்களில், அவர்களை அடியோடு விலக்குவதாக முடிந்தது. சம்மதம் அளிக்கும் ஆற்றல் இல்லாதோர் சேர்க்கப்படார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஆய்வாளர் கை சுத்தம்! விலக்கின் விலையைக் கொவிட் காட்டிற்று. டவுன் சின்ட்ரோம் உடையோர் அந்நோயால் இறக்கும் அபாயம் ஏனையோரிலும் ஏறத்தாழ 10 மடங்கு என இங்கிலாந்து ஆய்வொன்று 2020இல் கண்டது. தடுப்பூசிப் பரிசோதனைகளிலோ அவர்களைப் பற்றித் தனிமுடிவு கூறத்தக்க தொகையில் அவர்கள் இருக்கவில்லை.

நம் தீவகத்தில் அந்த ஒரு வரிகூடத் தேவையில்லை. நெடுந்தீவார் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு வருவதென்றால், குறிகட்டுவான் துறைவரை ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம், அப்பால் பஸ். சோளகம் எழுந்த நாளில், படகின் விளிம்புக்கும் துறைமேடைக்கும் இடையே கால்வைக்க நல்ல காலுள்ளவனே தயங்குவான். போரிலே கால் இழந்தவர் என்செய்வார்? நான்கு தடவை வந்து இரத்தம் கொடுக்கவேண்டும் என்று ஓர் ஆய்வு விதித்தால், கடலே அவரை விலக்கிவிடும். அறிக்கையில் அவர் 'இடையில் விலகியவர்' ஆவார்.

சம்மதப் பத்திரத்தின் தமிழையும் சொல்லவேண்டும். 1848இல் மானிப்பாயில் வைத்தியம் தொடங்கிய கிறீன், மிசனரியே எனினும், தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களும் ஆக்கினார். இன்று நான் கண்ட பத்திரங்கள் சிலவற்றில் எழுவாயைத் தேடவேண்டியிருக்கிறது. ஊசி குத்துபவர் யார், தீங்கு நேர்ந்தால் பொறுப்பவர் யார் என்பது வாக்கியத்துக்குள் மறைந்துவிடுகிறது. கற்றவர்க்கே இந்தக் கதி. செவிப்புலனற்றவர் இதனை எந்தச் சைகையில் அறிவார்?

இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயம், சுயசம்மதமின்றி எவரையும் பரிசோதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. முடிவெடுக்க வேண்டிய உதவியை வலுவிழந்தோர்க்கு அளிக்கவேண்டும் என்றும் அதே மூச்சில் வற்புறுத்துகிறது. முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை மறப்பது வசதியான வாசிப்பு. விலக்குதலும் ஏற்றத்தாழ்வைப் பெருக்கக்கூடும் என்று புதிய பிரகடனமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் நோயாளியைத் தூக்கிப் படகேற்றும் தம்பியின் அன்றைய கூலி எந்தக் கணக்கில் எழுதப்படும்? ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோர் அதற்கொரு நிரல் சேர்க்கட்டும். அல்லது இரத்தம் எடுப்பவர் காலைப் படகில் நெடுந்தீவுக்குப் போகட்டும்.