2.0 (திரைப்படம்): பட்சிராஜனின் வழக்கு

2.0 என்பது ஷங்கர் இயக்கத்தில் 2018ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் வெளியான தமிழ் அறிவியல் புனைகதைத் திரைப்படம். 2010இல் வந்த எந்திரன் படத்தின் தொடர்ச்சி. லைகா நிறுவனம் தயாரித்தது. ரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும் அவர் உருவாக்கிய சிட்டி என்னும் எந்திர மனிதனாகவும், அக்‌ஷய் குமார் பறவையியல் அறிஞர் பட்சிராஜனாகவும், எமி ஜாக்சன் நிலா என்னும் பெண் எந்திரமாகவும் நடித்தனர். இசை ஏ. ஆர். ரகுமான். படத்தின் முப்பரிமாண ஒளிப்பதிவு பற்றியும் செலவு பற்றியும் வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. கதைக்குள் ஒருவர் கொடுத்த புகார் கடைசியில் என்ன ஆயிற்று என்பது மட்டுமே இக்கட்டுரையின் பொருள். இந்தக் கேள்வி வேறு ஊர்களைவிடத் தூத்துக்குடியில் கூடுதலாக உறுத்தும். அதன் காரணம் பின்னால் வருகிறது.

ராட்சதர்கள் சந்திக்கும் படங்கள்

ஒரு படத்தில் தோன்றிய விந்தை உயிரியை வேறொன்றோடு மோதவிட்டு எடுக்கும் படங்களுக்கு நீண்ட மரபு உண்டு. 1962இல் ஜப்பானில் வந்த கிங்காங் எதிர் காட்சில்லா, 2004இல் வந்த ஏலியன் எதிர் பிரிடேட்டர் ஆகியவை பலரும் அறிந்தவை. தமிழில் இவ்வகைக்கு மிக அருகில் வருவது 2.0. முதல் படத்தின் எந்திர மனிதன், இரண்டாம் படத்தின் பறவை உருவத்தோடு மோதுகிறான்.

இந்த மரபில் ஒரு குறை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. தனித்தனியாக வந்தபோது ஒவ்வொரு ராட்சதனுக்கும் ஒரு வழக்கு இருக்கும். இருவரும் சந்தித்ததும் அந்த வழக்கு காணாமற்போய் மல்யுத்தம் மட்டும் மிஞ்சும்.

காட்சில்லாவையே பார்க்கலாம். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல், தொலைவில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஐந்தாம் எண் அதிர்ஷ்ட டிராகன் என்ற ஜப்பானியப் படகின் மீது விழுந்தது. அதில் 23 மீனவர்கள் இருந்தார்கள். ஒருவர் அதே ஆண்டு இறந்தார். நவம்பரில் முதல் காட்சில்லா படம் வெளியானது. அது ஒரு படகு எரிவதோடுதான் தொடங்குகிறது. விலங்கு கொல்லப்பட்ட பிறகும், குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொன்று வரக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் முடிகிறது. வழக்கு மூடப்படவில்லை. எட்டே ஆண்டில் அதே காட்சில்லா குரங்கோடு கட்டிப் புரள்கிறது, சிறுவர்கள் கைதட்டுகிறார்கள். மீனவர் படகு மறந்துபோயிற்று.

சிட்டிக்கும் ஒரு வழக்கு இருந்தது. எந்திரனில் அவனுக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுத்தவர்களே, அந்த உணர்ச்சியால் விளைந்ததைத் தாங்கமாட்டாமல் அவனைக் குப்பையில் எறிந்தார்கள். கடைசியில் தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் காட்சி தமிழ்ப் படங்களில் அபூர்வமானது. 2.0இல் சிட்டி அருங்காட்சியகத்திலிருந்து மீண்டும் பூட்டப்படுகிறான். தன்னை ஏன் பிரித்தார்கள், இப்போது ஏன் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு சொல் கேட்பதில்லை. அரசுக்கு ஆள் தேவை, வந்துவிட்டான்.

பட்சிராஜன் கேட்டது

படத்தின் முதல் பாதி குறைசொல்ல முடியாதது. கைப்பேசிகள் கைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு பறப்பதும், கூட்டமாகச் சேர்ந்து நிலத்தில் ஊர்ந்து வருவதும், பெரும்பறவையாகத் திரள்வதும் உண்மையிலேயே புதிய கற்பனை. கையை விட்டு இறக்காத பொருள் பகையாக மாறுவதைக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. ராட்சதப் படங்களை விரும்புபவர்கள் இந்தப் பகுதிக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்ப்பார்கள்.

பிறகு முன்கதை. பறவையியலாளர் சலீம் அலியை நினைவூட்டும் தோற்றத்தில் வரும் முதியவர் பட்சிராஜன், திருக்கழுக்குன்றத்தில் பறவைகளுக்கு அடைக்கலம் கொடுத்து வாழ்கிறார். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று நம்புகிறார். நிறுவனங்களிடம் போகிறார், அமைச்சரிடம் போகிறார், நீதிமன்றம் போகிறார், தெருவில் நின்று மக்களிடமும் சொல்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்கிறார். இறந்த பறவைகளின் ஆற்றலோடு அவர் ஆற்றலும் கலந்து பேருருவாகிறது.

அவர் சொன்ன காரணத்துக்கு அறிவியல் ஆதாரம் போதாது. படம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது இதனால்தான். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020ஆம் ஆண்டு அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் பார்த்தால் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றும், கோபுரக் கதிர்வீச்சைக் காரணமாகக் காட்டச் சான்று இல்லை என்றும் கூறியது. மின்காந்த இரைச்சல் பறவைகளைக் குழப்புவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ராபின் பறவைகள் திசையறியும் ஆற்றலை நகர இரைச்சல் கெடுக்கிறது என்று ஜெர்மனியின் ஓல்டன்பர்க் ஆய்வாளர்கள் 2014இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். ஆனால் அது கைப்பேசி அலைவரிசைக்கு மிகவும் கீழே உள்ள அலைகளைப் பற்றியது.

கதைக்குத் திருக்கழுக்குன்றத்தைத் தேர்ந்தவர்கள் கண்முன் இருந்த உண்மைக் கதையை விட்டுவிட்டார்கள். அந்த மலைக்கோயிலில் நண்பகலில் உணவு வாங்க வந்த கழுகுகள் பெயர்பெற்றவை. 1990களின் இறுதிக்குப் பிறகு அவை வரவில்லை. அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுகள் கோடிக்கணக்கில் மடிந்தன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் என்ற வலிமருந்துதான் காரணம் என்பது 2004இல் வெளிப்பட்டது. மருந்து இருக்கும் பிணத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டுப்போனது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் வராமற்போனதற்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பறவைகள் ஏன் சாகின்றன என்று ஒருவர் கேட்டு, விடை கண்டு, அரசு ஓரளவு செவிசாய்த்த வரலாறு இது. திரைக்கதை அதைத் தொடவில்லை.

முத்துக்குளித்துறை மக்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. பின்னர் பார்களில் சிப்பி அந்த அளவுக்குச் சேரவில்லை. நீரோட்டம், மணல் மூடுவது, சிப்பி தின்னும் மீன்கள், மிகையாக அள்ளியது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒரே குற்றவாளியைப் பிடித்துக் கூண்டில் நிறுத்த இயலாது. சினிமாவுக்கு அது ஒத்துவராது என்பது சரிதான்.

புறாக்கள் பணயம்

காரணம் தவறாக இருந்தாலும் பட்சிராஜனின் கேள்வி தவறல்ல. ஒரு தொழிலால் உயிர்கள் சாகின்றன என்று ஒருவர் சொன்னால் அதை யார் சோதித்துச் சொல்வது? படம் இதற்கு விடை தேடவில்லை, சண்டைக்குப் போய்விடுகிறது. அதிலும் இறுதிச் சண்டையில் குட்டி எந்திரங்கள் புறாக்களின் மேல் ஏறி வந்து, பறவைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டித்தான் பட்சிராஜனைப் பணியவைக்கின்றன. பறவை சாகக்கூடாது என்பவரை, பறவையைப் பணயம் வைத்து வெல்கிறார்கள். திரையரங்கில் இதற்குச் சிரிப்பு எழும்படி காட்சி எடுக்கப்பட்டுள்ளது. எல்லாம் முடிந்த பிறகு வசீகரன், அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று அமைச்சரிடம் சொல்கிறார். அந்த நியாயத்துக்குப் படம் ஒதுக்கியது அவ்வளவுதான்.

இனித் தூத்துக்குடி. இங்கே தாமிர உருக்காலைக்கு எதிரான புகார்கள் 1990களிலேயே தொடங்கின. 1996இல் மீனவர்கள் தாது கொண்டுவந்த கப்பலைப் படகுகளால் மறித்தார்கள். மனுக்கள், வழக்குகள், 2013இல் உச்ச நீதிமன்றம் விதித்த 100 கோடி ரூபாய் என்று அது நீண்டது. 2018 மே 22, போராட்டத்தின் நூறாம் நாள். மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28இல் அரசு ஆலையை மூட ஆணையிட்டது. மே 30இல் காயமுற்றவர்களைப் பார்க்க வந்த ரஜினிகாந்த், சமூக விரோதிகள் ஊடுருவியதே வன்முறைக்குக் காரணம் என்று செய்தியாளர்களிடம் கூறினார். மருத்துவமனையில் ஓர் இளைஞர் அவரையே யார் என்று கேட்டது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. சரியாக ஆறு மாதம் கழித்து 2.0 வந்தது.

படப்பிடிப்பு 2015 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே படம் தூத்துக்குடியைப் பற்றியதல்ல, அப்படிக் குற்றம் சாட்டுவதும் நியாயமில்லை. ஆனால் முன்கதையில் பட்சிராஜன் ஏறி இறங்கும் படிகள் இந்த ஊரார் ஏறி இறங்கிய படிகளே: நிறுவனம், அரசு, நீதிமன்றம், தெரு. வரம்புக்குள்தான் இருக்கிறது என்ற பதிலும் இங்கே கேட்ட பதில்தான். வேறுபாடு அதற்குப் பின் வருகிறது. மனு தள்ளப்பட்டவருக்கு இரண்டே வழிகளைத்தான் படம் காட்டுகிறது: ஒன்று சாவு, மற்றது அரக்கனாவது. மனு தள்ளப்பட்ட மறுநாள் இன்னொரு மனு எழுதுபவரை அதன் கற்பனை எட்டவில்லை. தூத்துக்குடியில் அப்படி எழுதியவர்கள் இருந்தார்கள். விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னவர்களும் இருந்தார்கள். ஆலை மூடலை எதிர்த்த நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29இல் தள்ளியது.

பட்சிராஜன் மனுவோடு அலையும் பகுதி படத்தில் சில நிமிடங்களே. அக்‌ஷய் குமார் அதில் உரத்துப் பேசாமல், தளர்ந்த நடையும் கலங்கிய கண்ணுமாக நடித்திருக்கிறார். இறகும் இரும்பும் ஒட்டாத அந்தச் சில நிமிடங்களை மாணவர்கள் தனியே எடுத்துப் பார்க்கலாம்.