சத்தம் போடாத பெட்டியும் அம்மா கையில் ரிமோட்டும்

1993-ல் தங்கையின் காதுகுத்துக்கு எடுத்த வீடியோ கேசட்டைப் பிற்பாடு டிவிடியாக மாற்றி வைத்திருந்தோம். அந்தக் கால வீடியோக்காரர்கள் வழக்கப்படி முழுக்கச் சினிமாப் பாட்டு ஓடும். ஒரே ஓர் இடத்தில் மட்டும், சுமார் இருபது நொடி, பாட்டு நின்று பந்தலின் சத்தம் கேட்கும். அதில் அப்பா சமையல்காரரைக் கூப்பிட்டு "இலை போட்டுரலாமா?" என்று கேட்பார். அப்பாவின் குரல் எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். போன வருடம் டிவிக்குக் கீழே புதிதாக வாங்கி வைத்த மினி கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைப் போட்டேன். பின்னணியில் அது வேறு படங்களின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தது போல. சரியாக அந்த இருபது நொடியில் பெட்டியின் ஃபேன் 'உய்ய்' என்று வேகமெடுத்தது. "அந்தச் சத்தத்தை நிறுத்துடா முதல்ல" என்றாள் அம்மா.

அந்த ஃபேனை அடக்குவதிலும், அம்மாவே யார் துணையும் இல்லாமல் படம் போட்டுப் பார்க்க வழிசெய்வதிலும் நான்கு மாதம் போனது. அதற்குள் மூன்று பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்: என்100 சிப்போடு ஃபேன் உள்ள மினி பிசி, ஃபேனே இல்லாத இன்னொரு என்100, ஒரு ராஸ்பெரி பை 5.

இது யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிடி மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். டிவிக்குள் இருக்கும் ஆப் போதும்; பழைய டிவி என்றால் ஒரு கூகுள் டிவி ஸ்டிக் போதும். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் பெரிய ஓடிடி நிறுவனங்கள் 4கே தரத்தைத் தருவதில்லை. ஹார்டு டிஸ்க் நிறையச் சொந்தப் படங்கள், டிஸ்க்கிலிருந்து எடுத்த பிரதிகள், வீட்டு விசேஷ வீடியோக்கள் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. அவர்களுக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சில வருடம் முன்பு வரை இந்த வேலைக்கு இன்டெல்லின் நக் பெட்டிகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2023 ஜூலையில் இன்டெல் அந்தத் தயாரிப்பிலிருந்து விலகி ஏசுஸிடம் ஒப்படைத்தது. அதே வருடத் தொடக்கத்தில் வந்த என்100 சிப் அந்த இடத்தை நிரப்பிவிட்டது. நான்கு கோர், 6 வாட் கணக்கில் வடிவமைத்தது. படம் பார்க்கும் பெட்டிக்குச் சிப்பின் வேகம் பெரிய விஷயமே இல்லை. வீடியோவைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்று உள்ளே இருக்கிறதா, எந்தெந்த வகையைப் புரிந்துகொள்ளும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். என்100-ல் எச்.264, எச்.இ.வி.சி, விபி9, ஏவி1 எல்லாவற்றுக்கும் அந்தச் சுற்று இருக்கிறது. ராஸ்பெரி பை 5-ல் எச்.இ.வி.சி-க்கு மட்டும்தான். எச்.264-ஐ அது சாதாரணக் கணக்குப் போட்டே ஓட்டுகிறது. முழு எச்டி படத்தைத் தடங்கல் இல்லாமல் காட்டுகிறது. யூடியூபில் 4கே வேண்டும் என்றால் மட்டும் திணறும்.

மூன்றிலும் லிப்ரிஎலெக் போட்டேன். கோடி என்ற படம் காட்டும் மென்பொருளை ஓட்டுவதற்கென்றே செய்த சிறிய லினக்ஸ் அது, 2016-லிருந்து வருகிறது. கோடியும் பழைய கைதான்: முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸில் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்று பிறந்து, 2014-ல் பெயர் மாறியது. மினி பிசியில் விண்டோஸை நீக்கிவிட்டு லிப்ரிஎலெக் போட்டதுமே பாதிச் சத்தம் அடங்கியது. பின்னணியில் அப்டேட், வைரஸ் சோதனை என்று எதுவும் ஓடுவதில்லை.

மீதிப் பாதிதான் கஷ்டம். மினி பிசி ஃபேன் உள்ளங்கையைவிடச் சிறியது. சிறிய இறக்கை அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் குரல் கீச்சென்று வரும். கோடையில் சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடும்போது இது காதில் விழாது. மார்கழி ராத்திரி சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள், தெரியும். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், 6 வாட் சிப்பைத் தொடர்ந்து 15 வாட் வரை இழுக்க விட்டிருந்தார்கள். பிஎல்1 என்ற அந்த எண்ணை 8-க்குக் குறைத்தேன். படத்தைத் தனிச் சுற்று ஓட்டுவதால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சூடு மட்டும் குறைந்தது. அடுத்தது ஃபேனின் ஓட்டம். குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே நின்றுவிடு, மேலே போனால் ஓடு என்று அமைத்திருந்தது. கேட்க நல்ல யோசனை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு நிமிடம் ஓடி, ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஓடும் ஃபேன்தான் காதை மிகவும் அறுக்கிறது. நிற்கவே விடாமல் எப்போதும் மெதுவாகச் சுற்றும்படி மாற்றினேன். பத்தாவது நிமிடத்தில் காது அதை மறந்துவிடுகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு 'ம்ம்ம்' மிச்சம் இருந்தது. பெட்டியைக் கையில் தூக்கினால் நின்றது, ஸ்டாண்டில் வைத்தால் வந்தது. பிளைவுட் தட்டு உள்ளே பொள்ளலாக இருந்ததால் ஃபேனின் அதிர்வை மிருதங்கம் மாதிரி வாங்கிப் பெருக்கியிருக்கிறது. பழைய மவுஸ் பேடை நான்காக வெட்டிக் காலுக்கு அடியில் ஒட்டினேன், போய்விட்டது.

ஃபேனே இல்லாத பெட்டியை வாங்கியிருந்தால் இந்தப் பாடு வேண்டாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றித்தான் வாங்கினேன். கனமான அலுமினிய உடம்பு, மேலே வரி வரியாகத் துடுப்புகள், உடம்பே சூட்டை வெளியே விடும். மே மாதம் இரண்டரை மணி நேர 4கே படம் முடிந்ததும் மேலே கை வைத்தேன். நான்கு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். திறந்த தட்டில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கண்ணாடிக் கதவுள்ள ஷோகேஸுக்குள் வைப்பவர்கள் இதை வாங்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஃபேன் இல்லாததால் எல்லாம் அமைதி என்று நினைத்தால், மெனுவை நகர்த்தும்போதெல்லாம் உள்ளே மின்சுருளிலிருந்து மெல்லிய கீச்சொலி வந்தது. படுக்கை அறை மாதிரி அமைதியான இடத்தில், பக்கத்தில் இருந்தால் கேட்கும். இது பெட்டிக்குப் பெட்டி மாறும். திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள கடையில் வாங்குங்கள்.

பெட்டியை அடக்கிய பிறகு ஹார்டு டிஸ்க் பேச ஆரம்பித்தது. 3.5 அங்குல டிஸ்க் படம் தேடும்போது கரகரக்கும். அதை உள் அறையில் ரூட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, லேன் கேபிள் இழுத்துவிட்டேன். 4கே புளூரே பிரதி நொடிக்கு 128 மெகாபிட் வரை கேட்கும். பல ஸ்மார்ட் டிவிகளில் உள்ள 100 மெகாபிட் லேன் துளை அதற்குப் பற்றாது. இந்தப் பெட்டிகளில் கிகாபிட் இருப்பது இங்கேதான் உதவுகிறது.

படத்தைப் பற்றி இரண்டு விஷயம். சினிமா நொடிக்கு 24 படச்சட்டம். டிவி 60 முறை புதுப்பித்தால், ஒரு சட்டத்தை இரண்டு தரம், அடுத்ததை மூன்று தரம் என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டிவரும். கேமரா மெதுவாக நகரும் காட்சியில் படம் தத்தித் தத்திப் போவது அதனால்தான். கோடியின் பிளேயர் அமைப்பில், படத்துக்கு ஏற்ப டிவியின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் வசதியை ஆன் செய்யுங்கள். ஆரம்பத்தில் திரை ஒரு நொடி கறுத்து வரும், பயப்பட வேண்டாம். இரண்டாவது, வீட்டு வீடியோ. பழைய கேசட் பதிவுகளில் ஒவ்வொரு சட்டமும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாக, நொடிக்கு 50 பாதிகளாக இருக்கும். அப்படியே காட்டினால், பெரியம்மா தாம்பாளத்தோடு திரும்பும்போது பட்டுச் சேலைக் கரை சீப்புப் பல்லாகப் பிரிகிறது. படம் ஓடும்போதே வீடியோ அமைப்பில் டீஇன்டர்லேஸ் என்பதைத் தேர்ந்தெடுத்ததும் கரை ஒன்றுசேர்ந்தது. டால்பி விஷன் எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம். எச்டிஆர்10 ஒழுங்காக வருகிறது.

இனி ரிமோட். என் பார்வையில் பெட்டியைவிட இதுதான் முக்கியம். முதலில் டச்பேட் வைத்த வயர்லெஸ் கீபோர்டு வாங்கினேன். அமைப்புகளைச் சரிசெய்ய அது வேண்டும்தான், அதோடு அதன் வேலை முடிந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு எதைத் தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அதுவும் போக, அது விட்டு விட்டுத்தான் வேலை செய்தது. காரணம், டிஸ்க்கை உள் அறைக்கு மாற்றும் முன்பு அதன் ரிசீவரை யூ.எஸ்.பி 3 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தேன். யூ.எஸ்.பி 3 ஓடும்போது வெளிவிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. 2012-லேயே இன்டெல் இதைப் பற்றி விளக்கக் கட்டுரை வெளியிட்டது. ஒரு சிறிய யூ.எஸ்.பி நீட்டிப்பு கேபிளில் ரிசீவரை முன்பக்கம் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

அடுத்தது, போனிலிருந்து கோடியை இயக்கும் கோரே என்ற ஆப். படத்தின் பெயரைத் தட்டித் தேட இதைவிட வசதி கிடையாது. ஆனால் போன் பூட்டிக்கொள்ளும், நடுவில் அழைப்பு வரும், என் போன் என்னோடு வெளியே போய்விடும். வீட்டில் எல்லோரும் கைவைக்கும் பொருள் ஒருவர் சட்டைப் பையில் இருக்கக் கூடாது.

டிவி ரிமோட்டாலேயே இயக்க முடிந்தால் அதுதான் அழகு. அதற்காகத்தான் எச்டிஎம்ஐ கேபிளில் 13-ஆம் பின்னில் சி.இ.சி என்ற தனிக் கம்பி இருக்கிறது. சாம்சங் டிவியில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்று மெனுவில் இருப்பது இதுவேதான். ராஸ்பெரி பையைச் செருகியதும் டிவி ரிமோட்டின் அம்புக்குறியும் ஓகேயும் கோடியை நகர்த்தின. நான் எதையும் தொடவில்லை. மூன்றில் பைதான் இங்கே ஜெயித்தது. மினி பிசிகளில் பெரும்பாலும் அந்தக் கம்பியை இணைப்பதே இல்லை. பல்ஸ்எய்ட் செய்யும் சி.இ.சி அடாப்டரை நடுவில் போட்டால் வரும், தனிச் செலவு.

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது ஃபிளிர்க். கட்டைவிரல் அளவு யூ.எஸ்.பி துண்டு, எந்த ரிமோட்டின் இன்ஃப்ராரெட் சைகையையும் கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு மாதிரியே தெரியும். கற்றது அந்தத் துண்டுக்குள்ளேயே பதிந்துவிடுவதால் பெட்டியில் எதுவும் நிறுவ வேண்டாம். டிடிஎச் இணைப்பைத் துண்டித்த பிறகு அலமாரியில் கிடந்த பழைய ரிமோட்டை எடுத்தேன். பெரிய பட்டன்கள், அம்மாவுக்குக் கைப்பழக்கம். நடுப் பட்டனுக்கு என்டர், நிறுத்தி வைக்க ஸ்பேஸ், முடிக்க எக்ஸ், சப்டைட்டிலுக்கு டி. பத்து பட்டனுக்கு மேல் சொல்லித் தரவில்லை. தேவையில்லாதவற்றை வெறுமனே விட்டுவிட்டதால் தவறி அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. கீபோர்டு இருந்தபோது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள், இப்போது கூப்பிடுவதில்லை.

கரண்ட் போய் வந்தால் பெட்டி தானே ஆன் ஆக வேண்டும். பயாஸில் மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை பவர் ஆன் என்று வையுங்கள். லிப்ரிஎலெக்கின் அடிப்படைக் கோப்புகள் படிக்க மட்டுமே திறப்பவை என்பதால் திடீர் கட் அவற்றைக் கெடுப்பதில்லை. சும்மா இருக்கும்போது என் மீட்டரில் 7 வாட். நாள் முழுக்க அணைக்காமல் விட்டாலும் மாதம் 5 யூனிட். நான் அணைப்பதில்லை.

வாங்குவதென்றால்: சினிமாவும் வீட்டு வீடியோவும் மட்டும், டிவி ரிமோட்டே போதும் என்பவர்களுக்கு ராஸ்பெரி பை 5, நல்ல ஹீட்சிங்க் உறையோடு. யூடியூபும் எல்லா வகைக் கோப்புகளும் வேண்டும் என்றால் ஃபேன் உள்ள என்100, மேலே சொன்ன மாற்றங்களோடு. என் வீட்டில் தங்கியது அதுதான்.

ரிமோட்டில் பச்சை பட்டன் சும்மா இருந்தது. கோடியின் கீமேப் கோப்பில் ஒரு வரி சேர்த்து, அதை அழுத்தினால் காதுகுத்து வீடியோ நேராகத் தொடங்கும்படி வைத்தேன். மஞ்சள் பட்டனில் தன் கல்யாண வீடியோ வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்த டிவிடியில் கீறல் விழுந்திருக்கிறது. மூன்று டிரைவில் போட்டுப் பார்த்தாயிற்று, பாதிதான் படிக்கிறது.