வேப்பமர நிழலில் ஒரு விசாரணை

போருக்குப் பின் இலங்கையின் வன்னியில் பல பிள்ளைகள் சிறுவர் இல்லங்களில்தான் வளர்ந்தார்கள். இல்லங்களின் பதிவுக்கு 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் உண்டு. பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தால் முறைப்பாட்டுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம். அதற்குப் பிறகு எல்லாம் விசாரிப்பவரின் கண்ணிலும் காதிலும்தான்.

விசாரிக்க வரும் கைதேர்ந்த நன்னடத்தை உத்தியோகத்தர் பதிவேட்டோடு நிறுத்தமாட்டார். பெயர்களை எண்ணுவார், பிறகு குசினியில் கோப்பைகளை எண்ணுவார். பிள்ளையைப் பொறுப்பாளரின் பார்வை படாத வேப்பமர நிழலுக்கு அழைத்து, “ராத்திரி என்ன சாப்பிட்டனீ?” என்று தொடங்குவார். “அடிச்சவையோ?” என்று பதிலை வாயில் திணிக்கமாட்டார். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொல்லிலேயே எழுதுவார்.

பொறுப்பாளரையும் முழுதாகக் கேட்பார். காணிப் பகையும் முறைப்பாடாக வரலாம் அல்லவா?

சில வாரங்கள் கழித்து, சொல்லாமல் மறுபடி போவார். முறைப்பாட்டைப் பற்றிப் பேசிய பிள்ளையை யாரும் தண்டிக்கவில்லை என்பதை அப்போதுதான் உறுதி செய்யமுடியும். இத்தொழிலின் உச்சம் அந்த இரண்டாம் பயணமே.