குடிப் பயணமும் குடிமக்களும்

பிரயாண இலக்கியத்தில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய கிளை தழைத்து வருகிறது. கோயிலையோ கோட்டையையோ காண்பதற்காக அன்றி, ஓர் ஊரின் பியரைச் சுவைப்பதற்காகவே புறப்படும் பயணமே அதன் பொருள். பெல்ஜியத்தின் மடாலயங்களில் துறவிகள் காய்ச்சும் பியர், ஜெர்மனியின் பாம்பர்க் நகரத்துப் புகைமணம் கமழும் பியர், அமெரிக்காவில் 1970களின் பின் பெருகிய சிற்றாலைகளின் 'கிராஃப்ட்' பியர் எனப் பட்டியலிட்டுக் கொண்டு நாடு நாடாகச் செல்கின்றனர். புறப்படுமுன் அவ்வூராரைத் தேடிப் பிடித்து, எங்கே நல்லது கிடைக்கும், எந்த நாள் கடை திறந்திருக்கும் என்று யோசனை கேட்பது இப்பயணத்தின் எழுதப்படாத சட்டம். கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் செல்லும் நெடுவீதியிலும் இக்கேள்வியோடு வருவோர் இன்று உளர். குடி நன்றா தீதா என்ற பழைய வழக்கை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது, எந்த விடை ஏற்கப்படுகிறது, எது காதில் விழாமற் போகிறது என்பவையே நமது விசாரணைக்குரியவை.

வழி கேட்டுச் செல்வதும், வழியிற் கிடைக்கும் சோற்றையும் கள்ளையும் முன்னரே அறிந்து செல்வதும் தமிழுக்குப் புதியனவல்ல. பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படையே. பரிசில் பெற்று மீளும் பாணன், பசியோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழி கூறுகிறான். பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். எயினர் குடியிருப்பு, ஆயர் சேரி, உழவர் ஊர், வலைஞர் குப்பம் என ஒவ்வோரிடத்திலும் யார் என்ன உண்கிறார்கள், வருபவனுக்கு எதைக் கொடுப்பார்கள் என்பதை அது சொல்லிச் செல்கிறது. வலைஞர் கள் ஆக்கும் முறையையே உருத்திரங்கண்ணனார் விளக்குகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டிலே ஆறவிட்டு, அடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் கழிய விட்டுச் சாடியிலே முதிர்ந்த பின் வடித்தெடுக்கிறார்கள். அந்த அடை முளையை இடித்துச் செய்தது என்று உரை கூறும். முளைத்த தானியத்தைக் கொண்டு புளிக்க வைப்பதுதானே பியர்! மேலைநாட்டார் வாற்கோதுமையை முளைக்க வைத்துச் செய்வதை நம் நெய்தல் நிலத்தான் நெல்லைக் கொண்டு செய்திருக்கிறான்.

பழம்பெருமை பேசுவதற்காக இதை நாம் எடுத்துக்காட்டவில்லை. ஆற்றுப்படையின் பாதை கடைசியில் மன்னனின் வாயிலிற் சென்று முடிகிறது. அது அரசவை இலக்கியம் என்பதை மறப்பதற்கில்லை. எனினும் அதில் இரண்டு பண்புகள் உள. வழி சொல்பவனும் கேட்பவனும் ஒரே வறுமையை அறிந்தவர்கள். கள்ளைப் பற்றிச் சொல்லும்போது அதைச் செய்த கையும் கூடவே சொல்லப்படுகிறது. இன்றைய பியர்ப் பயண நூல்களில் முதற் பண்பை எதிர்பார்ப்பது நியாயமன்று. இரண்டாவதையேனும் எதிர்பார்க்கலாம் அல்லவா?

இத்துறையின் முன்னோடி மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் (1942–2007). இலங்கையின் கறுத்த 'லயன் ஸ்டவுட்'டை உலகத்து ரசிகர்களிடம் பெருமையோடு அறிமுகப்படுத்தியவர் அவரே. பியரைப் பற்றியும் அறிவோடு எழுதலாம், ஒவ்வொரு பியருக்கும் ஊரும் வரலாறும் உண்டு என்று நிறுவியது அவருடைய சாதனை. அதை நாம் மதிக்கிறோம். அவரைப் பின்பற்றி வந்தவர்களிடம் அந்த வரலாறு சுருங்கிச் சுருங்கிப் போத்தலின் மேல் ஒட்டிய சீட்டின் அளவுக்கு வந்துவிட்டது. 1849-இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பியர் ஆலை தொடங்கினார் என்று அந்தச் சீட்டு கூறும். குளிர்ந்த மலை, அருவி நீர், ஆங்கிலேய வீரன் – கதை முடிந்தது. அந்தப் பியர் இப்போது மலையில் ஆக்கப்படுவதில்லை. ஆலை 1990களின் இறுதியில் கொழும்பை அடுத்த பியகமவுக்கு இறங்கிவிட்டது. மால்ட்டும் ஹொப்ஸும் கப்பலேறி வருகின்றன. உள்ளூர்ச் சரக்கைத் தேடி வருபவர் மாத்தளை விடுதியிற் பெறுவது பெரும்பாலும் இதைத்தான்.

பேக்கர் வேட்டை நாய்களையும் ஆங்கிலேய மாடுகளையும் கொண்டு நுவரெலியாவில் குடியேற ஏற்பாடு செய்த ஆண்டு 1848. அதே ஆண்டு யூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளை நகர் கிளர்ச்சிக்காரர் கையில் விழுந்தது. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வீதி போட உடலுழைப்பு அல்லது பணம் என்று ஆட்சி விதித்த சுமைகளே குடியானவனை எழ வைத்தன. ஓகஸ்ட் 8-இல் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். போத்தற் சீட்டின் 1849-க்கு முந்திய பக்கம் இது. மாத்தளைக்கு வரும் பயணி உள்ளூராரிடம் வரலாறு கேட்டால் இந்தப் பக்கத்தையே கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மடிந்தவர் பல்லாயிரம். இன்று பயணிகள் குளிரூட்டிய வண்டியில், வாசனைத் திரவியத் தோட்டங்களிற் நின்று நின்று செல்லும் அதே வடக்கு வழிதான் அது. மாத்தளை முத்துமாரியம்மன் அவர்கள் நினைவோடு நிற்கிறாள். நடந்து வந்தவர்களுக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. தோட்டத்துக்கு அருகே சாராயத் தவறணையும் கிடைத்தது. சாராயம் விற்கும் உரிமையைக் குடியேற்ற அரசு ஏலத்திற் குத்தகைக்கு விட்டது. மலைநாட்டுத் தோட்டங்கள் பெருகப் பெருக அக்குத்தகை பொன்முட்டையிடும் வாத்தாயிற்று. இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கம் எழுந்ததில் சாராயக் குத்தகையின் பங்கு எத்தகையது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000-இல் வெளியான தமது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கூலியாகக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி தவறணை வழியாகத் திரும்பி, ஒரு புறம் அரசின் வருவாயாகவும் மறுபுறம் கொழும்பு மாளிகைகளாகவும் ஆனது.

'குடிமகன்' என்ற சொல்லைக் குடிகாரனுக்குக் கேலியாக வழங்குகிறோம். மலையகத்தில் அந்தக் கேலி கசக்கும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளியின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு அது முழுமையாகத் திரும்பி வரும் வழி 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பிறந்தது. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் வாக்குச்சாவடி அவனுக்கு அடைபட்டிருந்தது. தவறணை, போயா நாள் நீங்கலாக, அடைபடவில்லை.

'கிராஃப்ட்' என்றால் கைவினை. கைவினையைத் தேடுபவர் இரத்தோட்டைக்கும் லக்கலவுக்கும் அப்பால், நக்கிள்ஸ் மலையடிவாரக் கிராமங்களுக்குச் செல்லட்டும். அங்கே கூந்தற்பனை உண்டு. கித்துள் என்றே எல்லோரும் சொல்வர். பாளையைப் பக்குவப்படுத்தி, காலையும் மாலையும் மரமேறிச் சீவி, முட்டியில் நீர் எடுக்கிறான் சிங்களக் குடியானவன். முட்டியிற் சில மணி நேரம் இருந்தாலே காற்றிலுள்ள நொதியம் சேர்ந்து அது கள்ளாகத் தொடங்கிவிடும். பாணியும் கருப்பட்டியும் வேண்டுமானால் புளிப்பைத் தடுக்க 'ஹல்' மரப்பட்டையை முட்டியிற் போட வேண்டும். எப்போது சீவுவது, எவ்வளவு பட்டை, எத்தனை நேரம் அடுப்பு என்பதெல்லாம் தகப்பனிடமிருந்து மகன் கற்ற அறிவு. தானாகப் புளிக்கும் பியருக்குப் பெல்ஜியத்தில் எத்துணை மரியாதை! அதைச் செய்பவன் அங்கே கலைஞன். இங்கே 1912-ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் கள்ளை உத்தரவுச் சீட்டுக்குக் கீழ்ப்படுத்தியது. அதே நீரைப் பாணியாகக் காய்ச்சினால் குடிசைத் தொழிலாளி. சீட்டின்றிப் புளிக்கவிட்டு விற்றால் குற்றவாளி. கருப்பட்டி செய்வோரைக் கண்டிய சமூகம் தனிச் சாதியாக வைத்துத் தாழ்த்தியது வேறு. கைவினைக்கு மதிப்பு வருவது, கைக்குரியவனின் வர்க்கத்தையும் சாதியையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உள்ளூராரிடம் கேட்டோம் என்று நூல்கள் எழுதும்போது, அந்த உள்ளூரார் யாவர்? விடுதி எழுத்தர், வண்டிச் சாரதி, மதுக்கடை முதலாளி. எல்லோரும் ஆண்கள். கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். சம்பள நாளன்று போத்தலின் விலையை இறுதியிற் செலுத்துவது அவர்கள் வீட்டு அடுப்பு. பெண்களுக்கு மது விற்கலாகாது என்ற 1979-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். ஒரு வாரம் செல்லுமுன் ஜனாதிபதியின் சொற்படி தடை மீண்டது. பெண் வாங்கலாமா என்று நாடே விவாதித்தது. அவள் ஏற்கனவே கொடுத்து வரும் விலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பிறநாட்டு நூலாசிரியரை மட்டும் குறை கூறுவது எளிது. நம் மலையகச் சிறுகதைகளிலும் குடி ஒரு வார்ப்பாகிவிட்டது. சம்பள நாள், தள்ளாடி வரும் தகப்பன், உடையும் பானை, அழும் தாய் – இவற்றை வைத்து எழுதப்பட்ட கதைகள் எத்தனையோ. அவை உண்மை, ஆனால் அரை உண்மை. தவறணைக்கு முன்னால் விழுந்து கிடப்பவனை அவை காட்டுகின்றன. தவறணையின் பின்னால் கணக்கெழுதிக் கொண்டிருப்பவனைக் காட்டுவதில்லை. அதனால் வாசகன் தொழிலாளியின் ஒழுக்கத்தை நொந்து கொண்டு புத்தகத்தை மூடுகிறான். கித்துள் மரத்திலிருந்து இறங்கி வரும் சிங்களக் குடியானவனையோ இக்கதைகளிற் காண்பது அரிது. அவன் கிராமத்துக்கு மேலே, அதே மலையில்தான் லயம் இருக்கிறது. இருவரும் ஒரே பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்குகிறார்கள். ஒரே கடையில் பியகமவிலிருந்து வந்த அதே போத்தலை வாங்குகிறார்கள். அந்தக் கடை வாசலில் அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை எழுத மாத்தளையில் எழுத்தாளருக்குப் பஞ்சமில்லை.