பதிப்பு மாறும்போது பாத்திரம் என்ன ஆகிறது?

1

மொழிபெயர்ப்பு பற்றி நம் சிறுபத்திரிகைகளில் ஏராளமாக எழுதியாகிவிட்டது. ஒரு பிரதி வேறொரு மொழிக்குப் போகும்போது எது தங்குகிறது, எது சிந்திப்போகிறது என்பது நமக்குப் பழகிய கேள்வி. அதே கேள்வியை ஒரு விளையாட்டுப் பாத்திரத்தை முன்வைத்துக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். 'விளையாட்டுல என்னய்யா விமர்சனம்?' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: விதி, எண், பெயர், அதிகாரம் ஆகிய நான்கும் இவ்வளவு அப்பட்டமாக ஒரே தாளில் எழுதப்பட்டுக் கிடக்கும் பிரதி வேறெதையும் நான் பார்த்ததில்லை.

நான் எடுத்துக்கொள்வது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் எழுதி, 1974இல் அமெரிக்காவின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட மேசை விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாயால் கதையைச் சொல்லி, சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவார்கள். பாத்திரம் என்பது ஒரு தாள்: பெயர், இனம், வகுப்பு, லெவல், சில எண்கள். வெற்றி தோல்வி என்று முடியாத ஆட்டம், வருஷக்கணக்கில் நீளும். பாத்திரம் முதல் லெவலில் தொடங்கி, பட்டு, தேறி, மேலே ஏறும்.

இதற்கிடையில் விதிநூலே மாறிவிடும். 1977க்கும் 1979க்கும் இடையில் விரிவுபடுத்தப்பட்ட 'அட்வான்ஸ்டு' நூல்கள் வந்தன. 1989இல் அதன் இரண்டாம் பதிப்பு. 1997இல் டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு, 2008இல் நான்காவது, 2014இல் ஐந்தாவது, 2024இல் அதன் திருத்தம். பழைய விதியில் பத்து வருஷம் வாழ்ந்த பாத்திரம் புதிய விதிக்குள் எப்படிப் போவது? முதல் லெவல் என்றால் பிரச்சினையில்லை, அரைமணி நேரத்தில் புதிதாகவே செய்துவிடலாம். பதினைந்து, இருபது என்று உயர்ந்த லெவலில் இருப்பவரைத் தூக்கும்போதுதான் முட்டுகிறது. ஏன் முட்டுகிறது என்பதுதான் என் அக்கறை.

2

சசூர் மொழியைச் சதுரங்கத்தோடு ஒப்பிட்டார் என்பது தெரிந்ததே. மரக்காயை எடுத்துவிட்டுத் தந்தக்காயை வைத்தால் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. காய்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ குறைத்தாலோ ஆட்டத்தின் இலக்கணமே மாறும். பதிப்பு மாற்றத்தில் இந்த இரண்டும் நடக்கின்றன. வேறுபாடு தெரியாதபடி கலந்து நடக்கின்றன.

மரத்துக்குப் பதில் தந்தம் என்பதற்கு உதாரணம் கவச எண். இரண்டாம் பதிப்பில் இது 10இலிருந்து கீழே இறங்கும். எவ்வளவு குறைவோ அவ்வளவு பாதுகாப்பு. மூன்றாம் பதிப்பில் மேலே ஏறும். 20இலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் புதிய எண் கிடைக்கும்: 3 என்பது 17, கழித்தல் 5 என்பது 25. குறிப்பான் மட்டும் மாறியிருக்கிறது.

தப்பிப்பு எறிதலுக்கு வருவோம். ஆபத்து நேரும்போது பாத்திரம் பிழைக்குமா என்பதை இருபது முகப் பகடையால் தீர்மானிப்பது. இரண்டாம் பதிப்பில் இதற்கு ஐந்து பிரிவுகள்: விஷமும் மரண மந்திரமும், மந்திரக்கோல், கல்லாதலும் உருமாற்றமும், நெருப்பு மூச்சு, பொது மந்திரம். மூன்றாம் பதிப்பில் இவை மூன்றாயின: உடல்தாங்குதிறன், அனிச்சை, மனவுறுதி. பழைய பட்டியல் உலகத்தின் ஆபத்துகளால் பெயரிடப்பட்டது. புதிய பட்டியல் ஆளின் உள்ளே இருப்பவற்றால் பெயரிடப்பட்டது. வெளியே இருந்த விதி உள்ளே போய்த் 'தன்னிலை' ஆகிவிட்டது. இதைச் சும்மா பெயர் மாற்றம் என்று சொல்லித் தாண்ட முடியாது. கணக்கைப் பாருங்கள்.

இரண்டாம் பதிப்பில் 17ஆம் லெவலைத் தாண்டிய போர்வீரர் மந்திரத்திலிருந்து தப்ப 6 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து முறை தப்புவார். மந்திரம் போடுபவர் எவ்வளவு பெரிய கொம்பன் என்பது பெரும்பாலான மந்திரங்களுக்குப் பொருட்டல்ல. இவர் முதிர்ந்தவர், அதனால் தப்புகிறார், அவ்வளவுதான். அதே ஆளை 20ஆம் லெவல் போர்வீரராக மூன்றாம் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். மனவுறுதிக்கு அடிப்படைக் கூட்டல் 6. ஒன்பதாம் படி மந்திரத்தை எதிர்க்க 10, அதோடு 9, அதோடு போடுபவரின் அறிவுக்கான கூட்டல் என்ற எண்ணைத் தொட வேண்டும். எதிராளியின் அறிவு 26 என்றால் கூட்டல் 8, ஆக 27. பகடையில் 21 விழ வேண்டும், பகடையில் இருப்பதோ இருபது முகம். இருபது விழுந்தால் எப்படியும் தப்பலாம் என்ற சலுகை மட்டும் மிச்சம். மந்திரப் பொருள் ஏதும் கையில் இல்லாவிட்டால் எழுபத்தைந்து சதவீதம் ஐந்து சதவீதமாகிறது. எந்தப் படியிலும் கணக்குப் பிசகவில்லை. கணக்கு சரியாத்தான் இருக்கு, ஆள்தான் காலி.

முதல் லெவலில் இந்த விரிசல் கண்ணுக்குப் படுவதில்லை. லெவல் ஏற ஏற இரண்டு விதிகளும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, உச்சியில் அந்த விலகல் அத்தனையும் ஒரே உடம்பின்மேல் வந்து இறங்குகிறது.

3

எண் என்பது ஒரு பண்பா, ஓர் இடமா? பழைய விதிகளில் துறவி-மாந்திரீகரான 'ட்ரூயிட்' வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் லெவலில் ஒன்பது பேர்தான் இருக்க முடியும். பதின்மூன்றில் மூன்று பேர். பதினான்கில் ஒரே ஒருவர். ஏற வேண்டுமானால் அங்கே இருப்பவரைச் சண்டையிட்டு இறக்க வேண்டும். ஆக, '14' என்று தாளில் எழுதியிருந்தால் 'தனக்கு முன்னவரை வென்றவர், அடுத்தவர் வரும்வரை அங்கே நிற்பவர்' என்று பொருள். 2000இல் இந்தப் படிவரிசை மறைந்தது. யாரும் பதினான்காகலாம், எத்தனை பேரும் ஆகலாம். தாளை மாற்றும்போது 14 என்பது 14ஆகவே போகிறது. எண் தப்பிவிட்டது. அது சுட்டிய உறவு செத்துப்போய்விட்டது.

போர்வீரருக்கும் இதுவேதான். இரண்டாம் பதிப்பில் ஒன்பதாம் லெவலுக்குப் பிறகு அவர் உயிர்ப்புள்ளிக்குப் பகடை உருட்டுவதில்லை. லெவலுக்கு வெறும் மூன்று புள்ளி சேரும். உடம்பு வளர்வது அநேகமாக நின்றுபோகிறது. அந்த லெவலில்தான் கோட்டை கட்டினால் படையாட்கள் தேடிவருவார்கள். உடம்பு நின்ற இடத்தில் நிலம் வளரத் தொடங்குகிறது. மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு லெவலுக்கும் பகடை உண்டு, உடல்வலுவுக்கான கூட்டலும் உண்டு. ஆட்கள் சேர்வது தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு திறமையாகச் சுருங்கியது. பண்ணையார், தனித்து அலையும் சூரராக மாறிவிடுகிறார். 2024இன் நூலில் ஐந்தாம் லெவலிலிருந்தே சொந்த இருப்பிடம் கட்டிக்கொள்ளும் விதி திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இடையில் கோட்டையைத் தொலைத்தவருக்கு அதே கோட்டை திரும்பக் கிடைப்பதாக எந்த விதியும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான இலாபமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகத்தின் புகழ்பெற்ற மந்திரவாதி எல்மின்ஸ்டர். 1987இன் பெட்டியில் அவர் மந்திரவாதி, அவ்வளவே. எட் கிரீன்வுட் 1994இல் எழுதிய நாவல் அவருடைய இளமையைச் சொன்னது: திருடனாக அலைந்தது, வாளெடுத்தது, ஒரு காலம் பெண்ணாகவே வாழ்ந்து கோயில் பணி செய்தது. வகுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க அனுமதித்த மூன்றாம் பதிப்பின் 2001ஆம் வருஷத்து நூலில் அவர் இப்படி ஆனார்: போர்வீரர் 1, திருடர் 2, பூசாரி 3, மீதியெல்லாம் மந்திரம், மொத்தம் 35. ஒரு நாவல் கூட்டல் கணக்காகிவிட்டது. வாழ்க்கை வரலாற்றைத் தாளில் எழுத முடிகிறது என்பது சாதாரண விஷயமல்ல. ஆனாலும் 'பூசாரி 3' என்ற எண்ணுக்குள் அவர் பெண்ணாக இருந்த காலம் எங்கே இருக்கிறது? தேடினாலும் கிடைக்காது. புதிய விதி எதை எழுத முடியுமோ அதைத்தான் வரலாறு என்று ஒப்புக்கொள்கிறது.

4

விதியை மாற்றும் நிறுவனம் அதைக் கதையாகவும் மாற்றிச் சொல்கிறது என்பது இன்னும் சுவாரசியமானது. 1989இல் 'கொலையாளி' என்ற வகுப்பு நூலிலிருந்து நீக்கப்பட்டது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் கதையில் என்ன நடந்தது தெரியுமா? கடவுளர் பூமிக்கு இறங்கிய குழப்பக் காலத்தில், ஒரு கடவுளுக்குப் பலம் சேர்ப்பதற்காக அந்த உலகத்துக் கொலையாளிகள் ஒட்டுமொத்தமாகச் செத்துப்போனார்கள். லேக் ஜெனிவாவில் ஒரு வகுப்பை அடித்தார்கள். அங்கே ஒரு வகுப்பே அழிந்தது. 2008இல் மந்திரத்தின் விதிகள் தலைகீழானபோது மந்திரத்தின் தேவதை கொல்லப்பட்டாள். கதை ஏறக்குறைய நூறு வருஷம் தள்ளி வைக்கப்பட்டது. நூறு வருஷம் தள்ளி வைத்தால் பழைய மனிதப் பாத்திரங்கள் என்ன ஆவார்கள்? மாற்றித்தரச் சொல்லி யாரும் கேட்க முடியாது. பதிப்பகத்தின் முடிவு உள்ளே இயற்கைச் சீற்றமாக வேஷம் கட்டி வருகிறது. கருத்தியல் என்று நாம் சொல்வது இதைத்தானே?

'விதி என்ன விதி, பாத்திரம் கற்பனையில் இருக்கு. பெயரை வைத்துக்கொண்டு ஆடுங்கள்' என்பவர்கள் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. ஏற்கனவே இருக்கும் செயலை ஒழுங்குபடுத்தும் விதி வேறு, செயலையே உண்டாக்கும் விதி வேறு என்று ஜான் சேர்ல் 1969இல் பிரித்துக்காட்டினார். இந்த விதிகள் இரண்டாம் வகை. மந்திரத்தைத் தாங்கி நின்றார், முன்னவரை வென்றார் என்பவை அந்த விதிகளால்தான் நிகழ்ச்சிகள் ஆயின. விதியைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் பெயர்.

5

மறுதரப்பினர் விசுவாசம் பேசுகிறார்கள்: லெவலை மாற்றாதே, எண்ணை எண்ணாகவே கொண்டுபோ. இந்த விசுவாசம் எதற்கு விசுவாசமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் பதிப்பில் மனிதருக்கு லெவல் எல்லை இல்லை. மற்ற இனங்களுக்கு உண்டு. குள்ளர் இனமான 'ஹாஃப்லிங்' போர்வீரர் ஒன்பதாம் லெவலுக்கு மேல் போக முடியாது. பிறப்பு உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே குழுவில் மனிதர் ஒருவரும் ஹாஃப்லிங் ஒருவரும் போர்வீரர்களாகப் பத்து வருஷம் சேர்ந்து திரிந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரே குகைகள், ஒரே பூதங்கள், ஒரே காயங்கள். இருபது லட்சம் அனுபவப் புள்ளிகளுக்கு மனிதர் 16ஆம் லெவலில் நிற்பார். விருப்ப விதிகளைச் சேர்க்காவிட்டால் ஹாஃப்லிங் 9. 2000இல் இந்த எல்லை ஒழிந்தது, நல்லது. இப்போது இருவரையும் மாற்றுங்கள். லெவலுக்கு விசுவாசமாக இருந்தால் ஹாஃப்லிங் 9ஆகவே புதிய உலகத்துக்கு வருவார். சட்டம் போய்விட்டது, சட்டம் செய்த காயம் 'இயல்பான தகுதி'யாக உடம்போடு வந்து சேர்கிறது. முன்பு 'உன்னை ஏறவிடவில்லை' என்று சொல்லவாவது இடமிருந்தது. இனி 'நீ ஒன்பதுதானே' என்பார்கள்.

1978இன் நூலில் மனிதப் பெண் போர்வீரரின் வலிமைக்கு 18/50 என்று உச்சவரம்பு. ஆணுக்கு 18/00 வரை, அதாவது நூறு வரை. 1989இல் அந்த வரம்பு நீங்கியது. அந்த 50 அவளுடைய வலிமையா, விதியுடைய வலிமையா? எண் வாயைத் திறந்து சொல்லாது.

ஆகவே நான் வந்துசேரும் இடம் இது: தாளிலிருந்து தாளுக்கு மாற்றாதீர்கள், ஆட்டத்திலிருந்து தாளுக்கு மாற்றுங்கள். இவர் எதைத் தாங்கினார், யாரை வென்றார், எங்கே தடுக்கப்பட்டார் என்று மேசையில் இருப்பவர்கள் முதலில் பேச வேண்டும். அந்த நினைவை எழுதப் புதிய விதியில் எந்த எண் தோதுப்படுகிறது என்பது அதற்குப் பிறகு. எழுத முடியாதது வந்தால், ட்ரூயிட்டின் பதவி மாதிரி, அதைத் தாளின் ஓரத்தில் வார்த்தையாகவாவது எழுதி வைக்கட்டும். ஐந்தாம் பதிப்பு பண்புகளை 20இல் நிறுத்துகிறது. சக்திவாய்ந்த பல மந்திரப் பொருட்களைத் தன்னோடு இசைவித்துக்கொண்டால்தான் பயன்படுத்த முடியும், அப்படி மூன்றுக்கு மேல் கூடாது என்கிறது. பழைய பெரியவர் அந்த வாசலில் பாதி மூட்டையை இறக்கித்தான் உள்ளே போக வேண்டும். இறக்குவது தவறில்லை. எதை இறக்குவது என்பதை நிறுவனத்தின் அட்டவணை சொல்ல வேண்டுமா, கூட நடந்தவர்கள் சொல்ல வேண்டுமா என்பதே கேள்வி. அந்த ஹாஃப்லிங்கின் தாளில் 16 என்று எழுதுவது விதிமீறல் என்பவர்களோடு நான் வாதாடத் தயார்.