சேலையும் படகும்: ஒரு சுற்றுநிருபத்தின் மீதான விமர்சனம்

உடை உடலை மறைப்பதுடன் அமைவதன்று. உடுப்பவரின் சமூகத் தகுதியையும் அது அறிவிக்கின்றது. ஆதலால், ஒரு தொழிலுக்கென விதிக்கப்படும் உடை, அத்தொழிலைச் செய்வோர் பற்றி அச்சமூகம் கொண்டுள்ள கருத்தைப் புலப்படுத்துவதாகும். இலக்கியத்தைத் திறனாயும் நாம், அரசாங்கச் சுற்றுநிருபங்களைத் திறனாய்வுக்கு அப்பாற்பட்டவையாகக் கருதவேண்டியதில்லை. யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது, யாரை மறந்து எழுதப்பட்டது என்னும் வினாக்கள் இரண்டுக்கும் பொதுவானவை.

2019ஆம் ஆண்டு ஏப்ரிலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து, மே மாதத்தில், இலங்கையின் பொது நிருவாக அமைச்சு அரச ஊழியரின் உடை பற்றிய சுற்றுநிருபமொன்றை வெளியிட்டது. ஆண்கள் நீளக்காற்சட்டையும் சேட்டும் அல்லது தேசிய உடையும், பெண்கள் சேலை அல்லது கண்டிச் சேலையும் அணிதல் வேண்டும் என்பது அதன் சாரம். முஸ்லிம் பெண் உத்தியோகத்தர் இதனாற் பெரிதும் பாதிக்கப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆட்சேபித்தது; விதி பின்னர் திருத்தப்பட்டது. 2022இல், பொருளாதார நெருக்கடி காரணமாக, வசதியான, பொருத்தமான உடையில் வருவதற்கு அரச அலுவலர்க்கு அனுமதி கிடைத்தது. ஆயின், அவ்வாண்டு நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலை தவிர்ந்த உடையிற் பாடசாலை சென்றபோது, ஆசிரியர் உடையில் மாற்றமில்லை எனக் கல்வி அமைச்சர் அறிவித்தார். அலுவலகத்துக்குப் பொருந்திய நியாயம் வகுப்பறைக்குப் பொருந்தாமற் போயிற்று.

இவ்விதியைத் தீவகத்தில் வைத்து நோக்கும்போதே அதன் உள்முரண் துலக்கமாகின்றது. நெடுந்தீவிற் கற்பிக்கும் ஆசிரியைகளுள் குடாநாட்டிலிருந்து செல்வோர் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் பயணஞ் செய்யவேண்டும். நயினாதீவுப் பயணம் குறுகியது. எனினும், படகில் ஏறுதலும் இறங்குதலும் ஒன்றே. அலையில் உயர்ந்து தாழும் படகின் விளிம்பில் ஒரு காலும் துறையின் படியில் மறுகாலுமாக நிற்கும் பெண்ணுக்கு பல முழ நீளத் துணி பண்பாட்டுச் சின்னமாகத் தோன்றாது. காலிற் சிக்கும் பொருளாகவே தோன்றும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நிலை இன்னும் கடினம்.

படகிலே வேறோர் உடைவிதியும் உண்டு. உயிர்காப்பு அங்கி அணியுமாறு பயணிகளுக்குச் சொல்லப்படுகின்றது. ஓருடல்மீது இருவிதிகள் இவ்வாறு சந்திக்கின்றன. ஒன்று உயிரைக் கருதியது; மற்றையது மதிப்பைக் கருதியது. நீரில் விழ நேர்ந்தால் நனைந்த சேலை கால்களைச் சுற்றிக்கொள்ளும் என்பதை முதலாவது விதி எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றது. இரண்டாவது விதியில் அதற்கு இடமேயில்லை. வகுப்பறை வாசலில் வந்து நிற்கும் ஆசிரியையை மட்டுமே அது அறியும். அவர் வந்த வழியை அறியாது.

தீவகப் பாடசாலையொன்றிற் கற்ற எமக்கு இது நூலறிவன்று. கடல்நீரில் நனைந்த சேலைக்கரையைப் பிழிந்துவிட்டு, ஈரத்தோடு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்ட ஆசிரியையை நாம் கண்டுள்ளோம். அன்று அதனை அர்ப்பணிப்பு என்றே எண்ணினோம். அவ்வர்ப்பணிப்பு அவரிடமிருந்து கேளாமலே பெறப்பட்டது என்பது பின்னரே விளங்கிற்று.

சேலையின் சார்பிற் கூறப்படும் வாதங்களைப் புறக்கணித்தலும் நேர்மையன்று. சேலை ஆசிரியைக்குக் கிராமத்திலே மதிப்பைத் தருகின்றது என்பர், அதில் உண்மையுண்டு. யாழ்ப்பாணச் சமூக வரலாற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவதும், ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுப்பதும் தடுக்கப்பட்டிருந்தன. அத்தடையை மீறியோர்க்கு முழு உடை ஓர் உரிமையாக இருந்தது. அவ்வுரிமையைப் போற்றுகின்ற நாம் ஒன்றை மறத்தலாகாது: இதனை உடுக்காதே என்ற ஆணையும் இதனையே உடு என்ற ஆணையும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள். முன்னையதில் உடுப்பவரின் விருப்பம் கேட்கப்படவில்லை, பின்னையதிலும் கேட்கப்படவில்லை.

மாற்றினாற் பண்பாடு அழியும் என்பாரும் உளர். அயலிலே கேரள அரசு, ஆசிரியைகள் சேலைதான் அணியவேண்டும் என்னும் கட்டாயம் இல்லையென 2021 நவம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்க்கு 2019இல் விதிக்கப்பட்ட உடை ஒழுங்கு, சேலையுடன் துப்பட்டாவோடு கூடிய சுரிதாரையும் ஏற்றுக்கொண்டது. அவ்விடங்களிற் சேலை மறைந்துவிடவில்லை, விரும்புவோர் உடுக்கின்றனர்.

ஆகவே, விமர்சனம் சேலையின்மீதன்று; தொழிலின் நிலைமைகளை ஆராயாது உடையை மட்டும் ஆராய்ந்த விதியின்மீதே. கண்ணியம் வேண்டும் என்று விதி கூறட்டும். அதன் வடிவத்தைத் தெரியும் உரிமை அணிபவர்க்கு இருக்கட்டும். விதி எழுதுவோர் காலைப் படகில் ஒருமுறையேனும் நெடுந்தீவுக்குச் சென்று, அப்படகில் வரும் ஆசிரியைகளிடம் கேட்ட பின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.